டிஎன்ஏ பயோசென்சரும் புற்றுநோய் மார்க்கரும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறேன். டிஎன்ஏ இழையை வைத்து ரத்தத்தில் உள்ள புற்றுநோய்ப் புரதங்களை, அதாவது மார்க்கர்களை, கண்டறியும் பயோசென்சர்களைப் பற்றி என்னிடம் இரண்டு தரப்பினர் கேட்கிறார்கள். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் ஒரு பக்கம். ஃபுல் பாடி செக்கப் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல கேன்சர் மார்க்கரும் சேர்த்துப் பார்க்கறாங்களாம், எடுக்கலாமுங்களா மேடம்?" என்று கேட்கும் அக்கம்பக்கத்தார் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்குமான பதில்களை இங்கே ஒன்றாகவே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

டிஎன்ஏ சென்சர் என்றால் என்னுடைய மரபணுவைச் சோதிப்பதா?

இல்லை. பெயரில் டிஎன்ஏ இருப்பதால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தச் சென்சரில் இருக்கும் டிஎன்ஏ உங்களுடையதும் இல்லை, வேறு யாருடையதும் இல்லை. ஆய்வகத்தில் வேதிமுறையில் செய்த சின்ன இழை அது. பெரும்பாலும் 25 முதல் 80 எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகளை இப்படித்தான் சொல்வோம்) வரை நீளம் இருக்கும். புரதத்தைப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை.

உங்கள் மரபணுவைப் படிக்கும் சோதனைகள் வேறு. பிஆர்சிஏ சோதனை அந்த வகை. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ தொடர்ந்து வந்திருந்தால் அதை எடுக்கச் சொல்வார்கள். கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவைத் தேடும் லிக்விட் பயாப்ஸி என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பேச்சில் மூன்றும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. இந்தப் பக்கத்தில் நாம் பேசுவது புரதத்தைப் பிடிக்கும் டிஎன்ஏவைப் பற்றி மட்டும்.

எந்தப் புரதங்களைத் தேடுகிறார்கள்?

பெரும்பாலும் பழைய ஆட்களைத்தான். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள ஏஎஃப்பியை 1963ல் மாஸ்கோவில் காரி அபெலெவ் குழு காட்டியது. பெருங்குடல் புற்றுநோயோடு பேசப்படும் சிஇஏவை 1965ல் மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டார்கள். சினைப்பைக்கான சிஏ-125 1981ல் ராபர்ட் பாஸ்ட் குழுவின் வழியாக வந்தது. புராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவற்றோடு ஹெர்2, எம்யூசி1, விஇஜிஎஃப் போன்றவையும் அடிக்கடி வரும்.

இவை எல்லாமே ரத்தத்தில் மிகக் குறைவாக இருப்பவை. பிஎஸ்ஏவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லைக்கோடு ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம். அதே ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் அல்புமின் என்ற சாதாரணப் புரதம் 35 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் ஒரு பங்கு பிஎஸ்ஏவுக்கு ஒரு கோடி பங்கு அல்புமின். அந்தக் கூட்டத்துக்குள் சரியான ஆளை மட்டும் பிடிக்க வேண்டும், மற்றவர் யாரும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. இந்தத் துறையின் சிரமத்தில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

டிஎன்ஏ எப்படிப் புரதத்தைப் பிடிக்கும்? அதன் வேலை தகவலைச் சேமிப்பதுதானே?

பாடப்புத்தகத்தில் நாம் பார்ப்பது இரட்டைச் சுருள். இரண்டு இழைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். ஒற்றை இழையை மட்டும் தண்ணீரில் விட்டால் கதை வேறு. பிடித்துக்கொள்ளத் துணை இல்லாததால் அது தன் மேலேயே மடியும். ஒரு பக்கம் வளையம், ஒரு பக்கம் தண்டு, சில இடங்களில் ஜி எழுத்துகள் நான்கு நான்காக அடுக்கிய தட்டு என்று ஒரு முப்பரிமாண வடிவம் உருவாகும். எழுத்து வரிசை மாறினால் வடிவமும் மாறும். ஏதோ ஒரு வரிசையின் வடிவம் ஏதோ ஒரு புரதத்தின் மேடு பள்ளத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். அப்படிப் பொருந்தும் இழைக்கு அப்டமர் என்று பெயர்.

1990ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த வழிக்கு வந்தன. கொலராடோவில் கிரெய்க் டூர்க்கும் லாரி கோல்டும். பாஸ்டனில் ஆண்ட்ரூ எல்லிங்டனும் ஜாக் சோஸ்டாக்கும். இந்த சோஸ்டாக்தான் பிறகு 2009ல் டெலோமியர் (குரோமோசோம்களின் நுனி) ஆராய்ச்சிக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். முதல் வேலைகள் ஆர்என்ஏவில் நடந்தன. 1992ல் ரத்தம் உறைய வைக்கும் திராம்பின் புரதத்தைப் பிடிக்கும் டிஎன்ஏ அப்டமர் வந்தது. வெறும் 15 எழுத்து. இன்றும் புதிதாக ஒரு சென்சர் செய்பவர்கள் முதலில் இதைத்தான் வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள்.

சரியான வரிசையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கணினியில் வடிவமைப்பதா?

கணினி இப்போது உதவுகிறது. ஆனால் அடிப்படை முறை சலிப்பதுதான். எழுத்து வரிசை தாறுமாறாக இருக்கும் இழைகளை, கிட்டத்தட்ட நூறு லட்சம் கோடி வகை, ஒரே குழாயில் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் நமக்கு வேண்டிய புரதத்தைக் காட்டுகிறார்கள். ஒட்டாததைக் கழுவிக் கொட்டிவிட்டு, ஒட்டியதை மட்டும் பிரித்தெடுத்து, டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்குகிறார்கள். பெருக்கியதை மறுபடி புரதத்திடம் காட்டுகிறார்கள். இந்த முறை இன்னும் கடுமையாகக் கழுவுவார்கள். நம்மூர் ஜவ்வரிசி ஆலையில் சல்லடை மாற்றி மாற்றிச் சலித்து ஒரே அளவு மணியைப் பிரிப்பது போலத்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு சலிப்புக்குப் பிறகும் மிஞ்சியது மறுபடி கோடிக்கணக்கில் பெருகி நிற்கும். எட்டு முதல் பதினைந்து சுற்றுக்குள் குழாயில் சில குடும்பங்கள் மட்டும் மிஞ்சும். இந்த முறைக்கு செலக்ஸ் என்று பெயர்.

மாணவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு படி உண்டு. வேண்டிய புரதத்தில் ஒட்டுவதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. அல்புமினிலும், சலிக்கும்போது புரதத்தை ஒட்டி வைத்திருக்கும் நுண்ணிய மணியிலும் (பீட்) ஒட்டுவதைத் தனியாகக் கழித்துக்கட்ட வேண்டும். இதைச் செய்யாமல் வந்த அப்டமர் வெறும் உப்புக் கரைசலில் பிரமாதமாக வேலை செய்யும். ரத்தநீரில் போட்டதும் கையை விரித்துவிடும்.

பிடித்துவிட்டது, சரி. பிடித்தது நமக்கு எப்படித் தெரியும்?

பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது மின்வழி. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சின்னத் தங்க மின்முனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்டமரின் ஒரு முனையில் கந்தக அணு வைத்த ஒரு தொகுதியைச் சேர்த்துவிட்டால், அது தங்கத்தில் போய்ப் பற்றிக்கொள்ளும். மறுமுனையில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கட்டுகிறார்கள். நுண்ணுயிரியல் வகுப்பில் ஸ்லைடுக்குப் பூசும் அதே நீலச் சாயம்தான். இந்தச் சாயம் மின்முனையிலிருந்து எலெக்ட்ரானை வாங்கும், திருப்பியும் கொடுக்கும். தங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கொடுக்கல் வாங்கல் வேகமாக நடக்கும், தள்ளி இருந்தால் மெதுவாகும். புரதம் வந்து ஒட்டியதும் இழையின் மடிப்பு மாறுகிறது. சாயம் பக்கத்தில் வருகிறது, அல்லது தள்ளிப் போகிறது. மின்னோட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்தின் அளவிலிருந்து எவ்வளவு புரதம் இருக்கிறது என்று கணக்கிடலாம்.

இதில் அழகு என்னவென்றால், அல்புமின் வந்து மின்முனையில் மோதினாலும் இழை மடிப்பு மாறாது, எனவே அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடலாம். கலிபோர்னியாவில் கெவின் பிளாக்ஸ்கோவின் குழு இந்த வகை சென்சரைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறது. இழைகளுக்கு நடுவே காலியாக இருக்கும் தங்கத்தை ஒரு சிறிய கந்தகச் சேர்மத்தால் மூடிவிடுவார்கள். அந்தப் பூச்சு சரியாக அமையாவிட்டால் சிக்னல் ஆடிக்கொண்டே இருக்கும்.

மின்முனையில் உயிர்மூலக்கூறை வைத்து அளக்கும் எண்ணமே லேலண்ட் கிளார்க் 1962ல் காட்டிய குளுக்கோஸ் மின்முனையிலிருந்து வருவது. வீட்டில் இருக்கும் சுகர் மெஷின் அதன் பேரன்.

சேலம் கொலுசுக்குப் பேர் போன ஊர். தங்கத்துக்குப் பதில் வெள்ளியை வைக்கக் கூடாதா?

செவ்வாய்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் யாராவது ஒருவர் இதைக் கேட்காத ஆண்டு இல்லை. நல்ல கேள்விதான். கந்தகம் வெள்ளியிலும் பற்றும். கொலுசு கறுப்பதே கந்தகத்தால்தான். சிக்கல் என்னவென்றால் வெள்ளி சும்மா இருக்காது. காற்றிலும் கந்தகத்திலும் மாறிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் இருக்கும் குளோரைடோடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகவும் மாறும். நாம் அளக்கும் சிறு மின்னோட்டம் அதில் மூழ்கிப் போகும். தங்கம் அந்த வம்புக்கெல்லாம் போகாது.

வெள்ளி குளோரைடாக மாறும் அதே குணத்துக்கு வேறோர் இடத்தில் மதிப்பு உண்டு. மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளப்பது என்பதற்கு நிலையான ஒரு முனை வேண்டும். அந்த வேலைக்கு வெள்ளி-வெள்ளி குளோரைடு முனையைத்தான் வைக்கிறார்கள். அச்சிட்டு வரும் சிறு மின்முனைப் பட்டையைப் பார்த்தால் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரியும். அது நம்ம ஊர்ச் சரக்கு.

ஆன்டிபாடி ஏற்கெனவே நன்றாக வேலை செய்கிறதே, அப்புறம் எதற்கு டிஎன்ஏ?

உண்மைதான். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும் நோய் எதிர்ப்புப் புரதம். இன்று லேபில் எடுக்கும் எல்லா மார்க்கர் டெஸ்ட்டும் ஆன்டிபாடியை நம்பித்தான் இருக்கிறது. 1971ல் எலைசா என்ற ஆன்டிபாடிச் சோதனை வந்ததிலிருந்து ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அதைச் செப்பனிட்டிருக்கிறார்கள். எனவே டிஎன்ஏ வந்து ஆன்டிபாடியைத் துரத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் சில இடங்களில் டிஎன்ஏவின் கை ஓங்கும். ஆன்டிபாடி ஒரு புரதம். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தில், கரண்ட் போன மதியத்தில், அது வெந்தால் வெந்ததுதான், பழைய வடிவத்துக்குத் திரும்பாது. டிஎன்ஏவை உலர்த்திச் சாதாரண அறையில் வைக்கலாம். சூடாக்கினால் மடிப்பு பிரியும், ஆறவிட்டால் மறுபடி மடியும். ஆன்டிபாடியை உயிருள்ள செல்லில் வளர்த்தெடுக்க வேண்டும். ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் வித்தியாசம் வரலாம். டிஎன்ஏவை எழுத்து எழுத்தாக வேதிமுறையில் கோக்கிறார்கள். வரிசையைச் சொல்லிவிட்டால் எந்த நாட்டில் செய்தாலும் அதே பொருள்தான். அளவும் சிறியது. ஆன்டிபாடியின் எடை சுமார் 150 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), அப்டமர் பெரும்பாலும் 25க்குள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏவில் எழுத்து நான்குதான், புரதத்தில் அமினோ அமிலம் இருபது. அதனால் டிஎன்ஏவால் செய்ய முடிந்த வடிவங்களும் குறைவு. அதுவும் எதிர்மின்சுமை, பல புரதங்களின் மேற்பரப்பும் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளும். அடுத்தது, அப்டமர் சரியாக மடிய மக்னீசியமும் பொட்டாசியமும் வேண்டும். மேக்னசைட் சுரங்கம் இருக்கும் ஊரில் மக்னீசியத்துக்குப் பஞ்சமில்லை என்று வகுப்பில் நான் சொல்லும் பழைய ஜோக்குக்கு இப்போது யாரும் சிரிப்பதில்லை. விஷயம் என்னவோ சீரியஸானது. தேர்ந்தெடுத்தபோது இருந்த உப்பு அளவும் அளக்கும்போது இருக்கும் உப்பு அளவும் வேறாக இருந்தால், இழை வேறு மாதிரி மடியும்.

ஏற்காடு மாதிரி மலை ஊருக்கு இது உதவுமா?

உதவ வேண்டிய இடமே அதுதான். ஏற்காட்டில் எடுத்த ரத்தம் சேலம் லேபுக்கு வர 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் என்று மூன்று நாள் கூலி போகும். உலர்ந்த பட்டையும் கையடக்கக் கருவியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருந்தால், ஏற்கெனவே சிகிச்சை முடிந்து கண்காணிப்பில் இருக்கும் ஒருவர் மலையை விட்டு இறங்காமலே அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

கருவி செய்பவர்கள் மறந்துவிடும் விஷயம் வெப்பநிலை. டிஎன்ஏவின் மடிப்பும் எலெக்ட்ரான் கொடுக்கல் வாங்கலும் வெப்பத்துக்கு ஏற்ப மாறும். டிசம்பர் காலை ஏற்காட்டில் 15 டிகிரிக்கும் கீழே போகும். மே மாதம் கீழே சேலத்தில் 38. ஒரே சொட்டு ரத்தத்துக்கு இரண்டு இடத்திலும் இரண்டு எண் காட்டினால் அந்தக் கருவி எதற்கு? கருவிக்குள்ளேயே வெப்பமானியும் திருத்தக் கணக்கும் இருக்க வேண்டும். அல்லது பட்டையை ஒரே சூட்டில் வைத்து அளக்க வேண்டும்.

சுகர் மெஷின் மாதிரி ஒரு சொட்டு ரத்தத்தில் வீட்டிலேயே பார்க்க முடியுமா?

சர்க்கரையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். சாதாரண ஆளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று வையுங்கள். மூலக்கூறுகளை எண்ணினால், 4 நானோகிராம் பிஎஸ்ஏ இருக்கும் ரத்தத்தில் பிஎஸ்ஏ மூலக்கூறு ஒன்றுக்கு குளுக்கோஸ் மூலக்கூறு சுமார் 4 கோடி. அதோடு, சுகர் மெஷினில் இருக்கும் நொதி ஒரு குளுக்கோஸை முடித்துவிட்டு அடுத்ததைப் பிடிக்கும், சிக்னல் சேர்ந்துகொண்டே போகும். அப்டமர் ஒரு புரதத்தைப் பிடித்தால் பிடித்ததோடு சரி.

அதனால் சிக்னலைப் பெருக்க வேறு வழி தேடினார்கள். 2002ல் ஸ்வீடனின் உப்சாலாவில் உல்ஃப் லாண்டகிரன் குழு செய்தது எனக்கு இன்றும் வியப்பு. ஒரே புரதத்தின் இரண்டு பக்கத்தையும் இரண்டு அப்டமர்கள் பிடிக்கின்றன. இரண்டுக்கும் பின்னால் டிஎன்ஏ வால் இருக்கிறது. பக்கம் பக்கமாக வந்த வால்களை ஒரு நொதி ஒட்டித் தைத்துவிடும். தைத்த இழை மட்டும் பிசிஆரில் பெருகும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால் 30 சுற்றில் ஒன்று 107 கோடி ஆகும். புரதத்தைப் பெருக்க முடியாது, டிஎன்ஏவைப் பெருக்கலாம். புரதத்தின் வருகையை டிஎன்ஏவாக மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதன் வழிவந்த முறைகளில் இப்போது அப்டமருக்குப் பதில் ஆன்டிபாடியில் டிஎன்ஏ வாலைக் கட்டுவதும் உண்டு.

ஆனால் பிசிஆர் வந்துவிட்டால் அது வீட்டுக் கருவி இல்லை. ஒரு சொட்டில் எல்லாம் தெரியும் என்று சொன்ன அமெரிக்காவின் தெரானோஸ் நிறுவனத்தின் கதை தெரிந்ததுதான். கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை என்பது 2015ல் பத்திரிகையில் அம்பலமானது, நிறுவனம் 2018ல் மூடப்பட்டது. அவர்கள் வைத்திருந்தது டிஎன்ஏ சென்சர் அல்ல. ஆனாலும் விரல் நுனிச் சொட்டு என்ற வார்த்தையைக் கேட்டால் நான் இரண்டாம் முறை கேட்டுக்கொள்வேன்.

ரத்தத்தில் டிஎன்ஏ சிதைந்துவிடாதா?

சிதையும். ரத்தத்தில் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் உண்டு. இழையின் முதுகெலும்பில் வேதி மாற்றம் செய்தோ, கண்ணாடிப் பிம்பமான டிஎன்ஏவைப் பயன்படுத்தியோ தப்பிக்கிறார்கள். ஒரு முறை தொட்டுவிட்டுத் தூக்கிப் போடும் பட்டைக்கு இது பெரிய கவலை இல்லை.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடிந்தால், ஊரில் எல்லாருக்கும் வருஷா வருஷம் பார்த்துவிடலாமே?

இதற்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். கொக்கி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், மாட்டுகிற புரதம் புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமானதாக இல்லையென்றால் பயன் குறைவு. மேலே சொன்ன பழைய ஆட்கள் யாருமே புற்றுநோய்க்கு மட்டும் சொந்தம் இல்லை. வயதான ஆணுக்கு புராஸ்டேட் வெறுமனே வீங்கினாலும் பிஎஸ்ஏ ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும். பீடி சிகரெட் குடிப்பவருக்கு சிஇஏ கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கர்ப்பத்தில் ஏஎஃப்பி உயரும். சிஏ-125 மாதவிலக்கிலும் கர்ப்பப்பைக் கட்டியிலும் உயரும், வயிற்றில் காசநோய் இருந்தால் மிக அதிகமாகவே ஏறும். நம் நாட்டில் இந்தக் கடைசி விஷயத்தை மறக்கவே கூடாது. வயிற்றில் நீர், சிஏ-125 அதிகம் என்று பயந்து வந்தவருக்குக் கடைசியில் டிபி மாத்திரையில் சரியாகிப் போவது மருத்துவர்களுக்குப் பழக்கமான கதை.

இனி கணக்கு. இது நானே எடுத்துக்கொண்ட எண், புரிவதற்காக. பத்தாயிரம் பேர். அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர் 10 பேர். சோதனை நோயாளியை 90 சதவீதம் சரியாகப் பிடிக்கும், நோயில்லாதவரை 95 சதவீதம் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. நோயாளிகளில் 9 பேர் மாட்டுவார்கள். நோயில்லாத 9,990 பேரில் 5 சதவீதம், அதாவது சுமார் 500 பேரும் மாட்டுவார்கள். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் வந்த 509 பேரில் 500 பேருக்கு ஒன்றுமில்லை. அந்த 500 பேருக்கும் ஸ்கேன், சிலருக்கு பயாப்ஸி, சில வாரம் தூக்கமில்லாத இரவுகள், கடன். சென்சர் பத்து மடங்கு நுட்பமானாலும் இந்தக் கணக்கு மாறாது. அது பிஎஸ்ஏவைத் துல்லியமாக அளக்கும், அவ்வளவுதான். அந்த பிஎஸ்ஏ எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

பெரிய அளவில் செய்தும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து சினைப்பைப் புற்றுநோய்க்கான சோதனை 2001ல் தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 பார்த்தார்கள். 2021ல் வந்த முடிவின்படி, இறப்பு குறையவில்லை. பிஎஸ்ஏ விஷயத்தில் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2012ல் பொதுவாக எல்லாருக்கும் வேண்டாம் என்றது. 2018ல் 55 முதல் 69 வயதுள்ளவர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கட்டும் என்று மாற்றியது.

ஆக, செக்கப் நோட்டீஸோடு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அறிகுறி எதுவும் இல்லாமல், மருத்துவர் சொல்லாமல், மார்க்கர் பேக்கேஜுக்குப் பணம் கட்ட வேண்டாம். 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் பார்க்கும் பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதற்கு ரத்தம்கூட வேண்டாம்.

அப்படியானால் இந்த மார்க்கர்களும் சென்சர்களும் எதற்கு?

நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த ஒருவரைப் பின்தொடர்வதற்கு. புராஸ்டேட்டை எடுத்துவிட்டால் பிஎஸ்ஏ சில வாரங்களில் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். மறுபடி ஏறினால் அதற்குக் காரணம் இருக்கும். பெருங்குடல் அறுவைக்குப் பிறகு சிஇஏவைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பதும் இதே காரணத்துக்காக. இங்கே ஒப்பீடு அவருடைய பழைய எண்ணோடு. ஊர் சராசரியோடு இல்லை. மேலே போட்ட 509 பேர் கணக்கு இங்கே பொருந்தாது. அடிக்கடி, மலிவாக, வீட்டுக்குப் பக்கத்தில் அளக்க முடிகிற கருவிக்கு உண்மையான மதிப்பு இந்த வேலையில்தான்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சினைப்பைப் புற்றுநோய் திரும்பி வருவதை சிஏ-125 முன்கூட்டியே காட்டும்தான். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து முன்னதாகவே கீமோ தொடங்கியவர்கள், அறிகுறி வரும்வரை பொறுத்தவர்களைவிட அதிக நாள் வாழவில்லை என்று 2010ல் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. முன்பே தெரிவதும் முன்பே உதவ முடிவதும் ஒன்றாகிவிடாது.

பல மார்க்கர்களை ஒன்றாகப் பார்ப்பது இன்னொரு திசை. லாரி கோல்ட் தொடங்கிய சோமாலாஜிக், வேதி மாற்றம் செய்த டிஎன்ஏ அப்டமர்களை வைத்து ஒரே மாதிரியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை அளக்கும் முறையை உருவாக்கியது. ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. புதிய மார்க்கர் வருவதானால் இந்த மாதிரிப் பெரிய வலையில் மாட்டித்தான் வரும் என்பது என் எண்ணம்.

சேலத்தில் இப்போது எந்த லேபில் இதைச் செய்கிறார்கள்?

லேபில் மார்க்கர் டெஸ்ட் என்று கொடுத்தால் நடப்பது ஆன்டிபாடியும் ஒளியும் சேர்ந்த கெமிலுமினசென்ஸ் முறை. டிஎன்ஏ அப்டமர் பட்டை புற்றுநோய்க்கான அன்றாடப் பரிசோதனையாக இன்னும் வரவில்லை. யாராவது அப்படிச் சொல்லி விற்றால், எந்த அனுமதியின் கீழ் என்று கேளுங்கள்.

புராஜெக்ட்டாக எடுக்கலாமா? எங்கே தொடங்குவது?

எடுக்கலாம். ஆனால் நேராக மின்முனையில் போய் விழாதீர்கள். கந்தகமும் மெத்திலீன் நீலமும் கட்டிய இழைக்கு விலை அதிகம். சாதாரண இழையை ஆர்டர் செய்தால் கல்லூரிப் பட்ஜெட்டுக்குள் அடங்கும். தங்க நானோதுகளை வைத்து நிறமாற்றம் பார்க்கும் முறையில் தொடங்குங்கள்.

தங்க உப்பையும் சிட்ரேட்டையும் கொதிக்க வைத்தால் திராட்சை ரச நிறத்தில் ஒரு கரைசல் வரும். டர்கெவிச் 1951ல் விவரித்த முறை. துகள் 13 நானோமீட்டர் அளவில் இருந்தால் 520 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒளியை உறிஞ்சும். உப்பு போட்டால் துகள்கள் ஒன்றுசேர்ந்து நீலமாகும். ஒற்றை இழை டிஎன்ஏ துகளின் மேல் படிந்திருந்தால் உப்பு போட்டாலும் சிவப்பாகவே நிற்கும். அப்டமருக்கு உரிய பொருள் வந்து இழையை இழுத்துக்கொண்டு போய்விட்டால், உப்பு போட்டதும் நீலம். ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் போதும், கண்ணாலும் பார்க்கலாம்.

வழுக்கும் இடங்கள் இங்கேதான். அப்டமர் மடிய மக்னீசியம் கேட்கும், தங்கத் துகளோ மக்னீசியத்தைப் பார்த்ததும் திரண்டுவிடும். இரண்டுக்கும் நடுவே அளவைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போகலாம். அடுத்தது, பல புரதங்கள் தாங்களே தங்கத்தில் படிந்துகொள்ளும். அப்போது நிறம் மாறினாலும் மாறாவிட்டாலும் அதற்கு அப்டமர் காரணமே இல்லாமல் இருக்கலாம். அதனால் அதே நீளத்தில் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஓர் இழையையும் கூடவே சோதியுங்கள். அதுவும் அதே நிறத்தைக் காட்டினால் நீங்கள் அளந்தது வேறு எதையோ. இது மாணவர்களுக்கு மட்டும் நேரும் விபத்து இல்லை. ஆர்சனிக் அப்டமர் என்று பலரும் பயன்படுத்திய ஓர் இழை உண்மையில் ஆர்சனிக்கைப் பிடிப்பதே இல்லை என்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியூவின் குழு 2019ல் காட்டியது. நிறம் மாறியதற்குக் காரணம் ஆர்சனிக் நேரடியாகத் தங்கத்தில் படிந்ததுதான்.

அப்டமரைப் பயன்படுத்துவதற்கு முன் 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவிடுங்கள். முதலில் திராம்பின் இழையோடு பழகுங்கள், புற்றுநோய்ப் புரதம் பிறகு. மின்வேதியியலில் கை வைக்க ஆசையிருந்தால் விடுமுறையில் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்குப் பயிற்சிக்கு எழுதிப் பாருங்கள்.

அப்பாவுக்கு பிஎஸ்ஏ 5 வந்திருக்கிறது. நெட்டில் பார்த்ததிலிருந்து வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. என்ன செய்வது?

முதலில் சாப்பிடுங்கள். 4க்கு மேல் வந்த எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை, 4க்குக் கீழே வந்த எல்லாரும் தப்பியவர்களும் இல்லை. சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள். போகும்போது சில தகவல்களைத் தயாராக வைத்திருங்கள். சமீபத்தில் காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல் இருந்ததா, கதீட்டர் போட்டார்களா, ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் சைக்கிள் அதிகம் ஓட்டினாரா, புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா. அந்த மாத்திரை பிஎஸ்ஏவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். முடி உதிர்வதற்கு பயோட்டின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். சில ஆன்டிபாடிச் சோதனைகளை அது குழப்பிவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே எச்சரித்திருக்கிறது.

மருத்துவர் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னால் அதே லேபிலேயே எடுங்கள். ஐந்து ரோட்டில் ஒரு லேப், அம்மாபேட்டையில் ஒரு லேப் என்று மாற்றினால் கருவியும் ஆன்டிபாடியும் மாறும். எண் கூடியது நோயாலா, கருவியாலா என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதிவாரியாக வைத்துக் கொண்டுபோங்கள்.